துக்க வீட்டுக்குக் கேள்வித்தாளோடு போகிறவர்களுக்கு

சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது "போய்ட்டு வரேன்" என்று சொல்லக் கூடாது. யாரும் சொல்லித் தராமலே நமக்குத் தெரிந்த விஷயம் இது. ஆனால் நான் முதன்முதலாகக் கேள்வித்தாளோடு ஒரு வீட்டுக்குப் போன அன்று, ஒன்றரை மணி நேரம் கேட்டு எழுதி முடித்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பழக்கதோஷத்தில் "போய்ட்டு வரேங்கம்மா" என்றேன். மகன் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது அந்த அம்மாவுக்கு. நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பண்ருட்டி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்தப் பார்வை கூடவே வந்தது. அவர் சொன்ன கதையும் அழுத அழுகையும்கூட அப்புறம்தான். நான் எழுந்து வந்த விதம்தான் பல நாள் அரித்தது.

இறந்தவர் வீட்டில் கேட்டு எழுதும் இந்த ஆய்வு வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது கேள்வித்தாளை எப்படி நிரப்புவது என்று ஐந்து நாள் சொல்லித் தருகிறார்கள். நிரப்பிய பிறகு அதை எங்கே இறக்கி வைப்பது என்று அரை மணி நேரம்கூடச் சொல்வதில்லை. அந்த அரை மணி நேரத்துக்குத்தான், முக்கியமாகத் தற்கொலை நடந்த வீடுகளுக்குப் போகிறவர்களுக்காக, இதை எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்த வேலையை வைத்தே சொல்கிறேன். ஆபீஸில் அதை வி.ஏ. என்போம், அதாவது வெர்பல் அட்டாப்ஸி. ஒருவர் இறந்து, காரணம் இன்னதென்று மருத்துவச் சான்று இல்லாமல் போனால், சில மாதம் கழித்துப் பயிற்சி பெற்ற ஒருவர் அந்த வீட்டுக்குப் போவார். கடைசி நாட்களில் கூட இருந்தவரிடம் கேட்டு, அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுவார். டாக்டர்கள் அதைப் படித்து, இறப்புக்குக் காரணம் இதுவாக இருக்கும் என்று குறிப்பார்கள். 1990களின் பிற்பாதியில் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்திலும் நேர்ந்த 80,000 பெரியவர்களின் இறப்புகளை இப்படித்தான் ஆராய்ந்தார்கள். கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரத்தோடு இருந்தது. நாடு முழுக்க நடந்த 'பத்து லட்சம் இறப்புகள்' ஆய்விலும் இதே முறைதான். அதில் இரண்டு டாக்டர்கள் தனித்தனியே படிப்பார்கள். ஆனால் அந்த வீட்டு வாசலை ஏறியவர் ஒருவர்தான், ஃபார்மை எழுதியவர்.

இப்படி வீடு வீடாகப் போய்க் கேட்கத்தான் வேண்டுமா என்று உங்களுக்கே ஒரு நாள் தோன்றும். அப்போது இந்த இரண்டு எண்களை நினைத்துக்கொள்ளுங்கள். 2010இல் இந்தியாவில் நடந்த தற்கொலைகள், காவல்துறைக் கணக்குப்படி சுமார் 1,34,600. வீடுகளில் கேட்டு எழுதியதை வைத்து ஆய்வு மதிப்பிட்டது சுமார் 1,87,000. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சாவுகள் ஸ்டேஷன் கணக்கில் இல்லை. வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரத்தில் 1994 முதல் 1999 வரை பார்த்தபோது ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 95 பேர் தற்கொலையில் இறந்திருந்தார்கள். அந்த ஆண்டுகளில் நாட்டின் அதிகாரபூர்வ விகிதம் பத்து, பதினொன்றைச் சுற்றி இருந்தது.

ஏன் இந்த வித்தியாசம்? 'தீராத வயிற்றுவலி' என்ற சொல்லைப் பேப்பரில் படிக்காத தமிழர் உண்டா? இயற்கையல்லாத சாவைப் போலீஸ் விசாரிக்கும் சட்டப் பிரிவை 174 கேஸ் என்று இன்றும் ஊரில் சொல்வார்கள், புதிய சட்டத்தில் அது 194. அந்த விசாரணை, பிரேதப் பரிசோதனை, கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் இறந்த பெண் என்றால் ஆர்.டி.ஓ. விசாரணை, இதற்கெல்லாம் பயந்து வீடு வாயை மூடிக்கொள்ளும். வயிற்றுவலியில் இறந்தார் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள், அல்லது யாருக்கும் தெரியாமல் எரித்துவிடுவார்கள். எட்டு மாதம் கழித்து நீங்கள் போய்த் திண்ணையில் உட்கார்ந்ததும் உண்மை வரும். போலீஸிடமும் பங்காளியிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டு வெறும் ஆளாகத் திரும்ப முடியாது.

முதலில் உங்கள் வீட்டைப் பாருங்கள்

வேலைக்குச் சேரும் முன்பு ஒரு கேள்வியை உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்: இப்படி ஒரு சாவு என் வீட்டில், என் நட்பில் நடந்திருக்கிறதா? நடந்திருந்தால் இந்த வேலைக்கு நீங்கள் லாயக்கில்லை என்று அர்த்தமில்லை. நான் பார்த்ததில் நன்றாகக் கேட்கத் தெரிந்தவர்கள் பலரும் அப்படி ஒன்றைக் கடந்து வந்தவர்கள்தான். ஆனால் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் நடந்தது என்றால் தள்ளிப்போடுங்கள். அதற்கு முந்தையது என்றால் மேற்பார்வையாளரிடம் மட்டும் சொல்லி வையுங்கள். முழுக் கதையும் வேண்டாம். "தம்பி வயசுப் பசங்க இறந்த வீடு மட்டும் எனக்கு வேண்டாங்க" என்றால் போதும். அதை மதிக்காத இடத்தில் வேலை செய்ய வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். சம்பளத்துக்கு ஓடுகிற வயதில் இது லேசாகச் சொல்லிவிடக் கூடிய புத்திமதி அல்ல என்பதும் தெரியும்.

வீட்டில் உள்ளவர்களிடம் என்ன வேலை என்று முன்பே சொல்லிவிடுங்கள். "சுகாதார சர்வே" என்று மழுப்பினால், இரண்டாவது மாதம் நீங்கள் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும்போது அவர்களுக்கு வேறு சந்தேகங்கள் வரும்.

கையெழுத்துப் போடும் முன்பு

வேலை கொடுப்பவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை வீடு? சம்பளம் நாளுக்கா, ஃபார்முக்கா? தனியாகவா, இரண்டு பேராகவா? மனசு சரியில்லை என்று ஒரு நாள் போகாவிட்டால் சம்பளம் பிடிப்பார்களா? அவசரம் என்றால் யாருக்கு போன் செய்வது, அவர் ராத்திரி எட்டு மணிக்கு எடுப்பாரா?

இதில் இரண்டாவது கேள்விதான் தலையானது. ஃபார்முக்கு இவ்வளவு என்று கூலி வைத்த இடத்தில் ஒரு வீட்டில் அழுகை முடியும் முன்பே மனசு அடுத்த வீட்டுக் கணக்கைப் போடும். அப்படிப் போட்டுவிட்டோமே என்ற குற்ற உணர்வு ராத்திரி வந்து நிற்கும். நானே ஒரு திட்டத்தில் அப்படி நாளைக்கு ஐந்து வீடு ஓடியிருக்கிறேன். ஐந்தாவது வீட்டில் ஒரு தகப்பனார் பேசப் பேச நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அவரும் அதைப் பார்த்துவிட்டார். துக்க வீடு என்றால் நாளைக்கு இரண்டு, அதுவும் ஒன்று காலை, ஒன்று மாலை. அதற்கு மேல் போகிற திட்டத்தைப் போட்டவர் களத்துக்கு வந்தவராக இருக்க மாட்டார்.

ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்குக் கொடுத்த விண்ணப்பத்தில் ஆய்வுப் பணியாளர்களுக்கு என்ன ஏற்பாடு என்று எழுதியிருக்கிறார்கள் என்றும் கேட்கலாம். தகவல் தருபவருக்கு மனவருத்தம் நேர்ந்தால் என்ன செய்வோம் என்று ஒரு பக்கம் இருக்கும். கேட்பவருக்கு நேர்ந்தால்? பெரும்பாலும் ஒரு வரி, சில நேரம் அதுவும் இல்லை. பெண்கள் மீதான வன்முறை பற்றிய ஆய்வுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2001இலேயே நெறிமுறை வகுத்தது. ஆய்வுக் குழுவில் உள்ளவர்களைக் கவனமாகத் தேர்ந்தெடுத்து, தனிப்பயிற்சி கொடுத்து, வேலை நடக்கும் காலம் முழுதும் துணை நிற்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஆகவே இது நீங்கள் கேட்கும் சலுகை இல்லை.

பையில் ஒரு தாள்

கேள்வித்தாள், ஒப்புதல் படிவம், தண்ணீர் பாட்டிலோடு இன்னொரு தாள் வையுங்கள். அதில் எண்கள் இருக்கட்டும். மனநல உதவிக்கு மத்திய அரசின் டெலி மானஸ் 14416. தமிழக அரசின் சுகாதார உதவி 104. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையம் 044-24640050. அந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையம், மாவட்ட மனநலத் திட்டத்தில் இருப்பவர், உங்கள் மேற்பார்வையாளர் ஆகியோரின் எண்களைக் கையால் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள். போனில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். சில ஊர்களில் சிக்னல் வராது, சில நேரம் கை நடுங்கும்.

எதற்கு இந்தத் தாள்? புதியவர்களின் பெரிய பயம் ஒன்றுதான்: "நானும் போயிடறேன்னு அவங்க சொல்லிட்டா என்ன பண்றது?" சொல்வார்கள். எல்லா வீட்டிலும் இல்லை, ஆனால் சொல்வார்கள். "அவன் இல்லாம எனக்கு எதுக்கு இந்த உசுரு" என்பது நம் ஊரில் துக்கத்தின் வழக்குச் சொல்லும்கூட. எது புலம்பல், எது முடிவு என்று வெளியிலிருந்து ஊகிக்காதீர்கள். நேராகக் கேளுங்கள்: "உங்க உயிர மாய்ச்சிக்கணும்ங்கிற எண்ணம் வருதாம்மா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று தயங்க வேண்டாம், அப்படி விதைப்பதில்லை என்பது ஆய்வுகளில் பார்த்தது. ஆமாம் என்றால் கேள்வித்தாளை மூடிவிடுங்கள், அன்றைக்கு அவ்வளவுதான். தனியாக விட்டுவிட்டு எழாதீர்கள். அவர் நம்புகிற ஒருவரை அவர் சம்மதத்தோடு கூப்பிடுங்கள். அங்கிருந்தே போன் போடுங்கள், மேற்பார்வையாளருக்கு உடனே சொல்லுங்கள். ஆஸ்பத்திரி வரை போக வேண்டியிருந்தால் இரண்டு பேராகப் போங்கள். இதை வீட்டில் கண்ணாடி முன் நின்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள். என்ன செய்வது என்று தெரிந்தவருக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரும்.

இன்னொன்று. ரகசியம் காப்போம் என்று ஒப்புதல் வாங்கும்போதே அதன் எல்லையையும் சொல்லிவிடுங்கள். ஒரு குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால், தெரிந்தவர் யாராக இருந்தாலும் தெரிவித்தாக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். முதலில் சொல்லாமல், கேட்ட பிறகு "இத நான் மேல சொல்லணும்" என்றால் அவர்களுக்கும் துரோகம், உங்களுக்கும் ஆறாத காயம்.

திண்ணையில்

கிராமச் செவிலியரோ அங்கன்வாடி அக்காவோ முன்னால் போய்ச் சொல்லி வைத்த வீடாக இருக்கட்டும். கருமாதி முடியாத வீட்டுக்கோ, படைக்கிற அமாவாசையிலோ, திதி நாளிலோ, அவர் இறந்த பிறகு வரும் முதல் பொங்கல் வாரத்திலோ போகாதீர்கள். கொடுக்கிற தண்ணீரை வாங்கிக் குடியுங்கள். 'தற்கொலை' என்ற சொல்லை நீங்கள் முதலில் எடுக்காதீர்கள். அவர்கள் "மருந்து குடிச்சிட்டா" என்றால் அதையே எழுதுங்கள். பயிருக்கு அடிக்கிற விஷத்துக்கு நம் ஊரில் மருந்து என்று பெயர் வைத்தவர் யாரோ, அந்தச் சொல்லை எழுதும்போதெல்லாம் எனக்குப் பேனா ஒரு நொடி நிற்கும்.

கேள்விகள் வரிசையாக வராது. அவர்கள் ஆடு காணாமல் போனதில் ஆரம்பித்து, ரேஷன் கார்டில் பெயர் நீக்கியது வரை போய், அப்புறம்தான் அந்த ராத்திரிக்கு வருவார்கள். வரட்டும். சில வீடுகளில் ஆயா பேசிக்கொண்டே இருப்பார், பேச்சு எப்போது ஒப்பாரியாக மாறியது என்றே தெரியாது. அதை எழுத ஃபார்மில் கட்டம் கிடையாது. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

நீங்களும் அழலாமா? கண் கலங்கினால் தப்பில்லை, துடைத்துக்கொண்டு தொடருங்கள். அவர்கள் எழுந்து வந்து உங்களைத் தேற்றும் அளவுக்குப் போனால் மட்டும் நிறுத்திவிடுங்கள். அந்த வீட்டில் துக்கம் அவர்களுடையது.

கடினமான இடம் இரண்டு. ஒன்று, "அன்னிக்கி நான் திட்டாம இருந்திருந்தா இருந்திருப்பான்ல பாப்பா?" என்ற கேள்வி. முகத்தைப் பார்த்துக் கேட்பார்கள். விதி, காலம் ஆற்றும், அவன் குடுத்து வெச்சது அவ்வளவுதான் என்றெல்லாம் சொல்லாதீர்கள், அதை ஊரே சொல்லியிருக்கும். நான் சொல்வது இது: "இப்டி நடந்த வீட்ல எல்லாருக்கும் இந்தக் கேள்வி வருதும்மா. ஒரே ஒரு காரணத்தால நடக்கிறதில்ல." அதில் பொய் கிடையாது, அதனால் மறுநாள் என்னை உறுத்துவதும் இல்லை. பொய்யாகச் சொன்ன ஆறுதல்கள்தான் பின்னால் வந்து உறுத்தும்.

இன்னொன்று, "இத எழுதி என்னா ஆவப்போவுது? எதுனா பணம் வருமா?" வராது என்று தெளிவாகச் சொல்லுங்கள். "மேல சொல்லிப் பாக்கறேன்" என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டால், அந்த வீட்டின் எதிர்பார்ப்பு மாதக்கணக்கில் உங்கள் தோளில் உட்காரும். என்னதான் ஆகும் என்றால், கேட்பவர் வயதுக்குத் தக்கபடி இரண்டு விஷயம் சொல்வேன். இலங்கையில் கொடிய நஞ்சுள்ள பூச்சிமருந்துகளை 1995லும் 1998லும் கட்டுப்படுத்தித் தடை செய்தார்கள். 2005க்குள் அங்கே தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியானது. நம் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கம் இரண்டு ஊரில் விவசாயிகளின் மருந்துகளை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டு போட்ட பெட்டிகளில் வைத்துப் பார்த்தார்கள், 2013இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். எப்படிச் சாகிறார்கள் என்று கணக்கு இருந்தால்தான் இப்படி ஒன்றை யோசிக்கவே முடியும். ஒரு பெரியவர் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப எம்மவளுக்கு இல்ல, அடுத்தவ மவளுக்கு" என்றார். ஆமாங்கய்யா என்றேன். வேறென்ன சொல்ல?

பேசாமல் தாண்டிவிடும் ஒரு விஷயமும் உண்டு. "நீங்க எந்த ஊரு, யாரு வூட்டுப் பொண்ணு" என்று கேட்பது எல்லா இடத்திலும் அன்பினால் இல்லை. எங்கள் குழுவில் இருந்த ஒரு பெண்ணுக்கு, அவள் எந்தத் தெரு என்று தெரிந்ததும் தண்ணீர் தந்த சொம்பு மாறியது. அதே ஆட்களின் துக்கத்தை அவள் ஒரு மணி நேரம் தலையாட்டிக் கேட்டு எழுதி வந்தாள். அவமானம் தந்தவருக்காக மனம் இரங்க வேண்டியிருப்பது தனிச் சுமை. எந்தக் கையேட்டிலும் இதற்கு அத்தியாயம் பார்த்ததில்லை. மேற்பார்வையாளர்களே, அப்படி ஒரு வீட்டுக்கு இரண்டாம் தடவை அவளை அனுப்பாதீர்கள், அவளே போகிறேன் என்றாலும்.

பஸ் ஸ்டாப்

வீட்டைவிட்டு வந்த முதல் ஒரு மணி நேரம் உங்களுடையது. நேராக அடுத்த வீட்டுக்குப் போகாதீர்கள். டீக்கடை, கோயில் மரத்தடி, பஸ் ஸ்டாப், எங்காவது உட்காருங்கள். எதையாவது சாப்பிடுங்கள், பசிக்காது, ஆனாலும் சாப்பிடுங்கள். கழுத்தும் தோளும் இறுகியிருக்கும், அதை அப்போதுதான் கவனிப்பீர்கள்.

கூட வந்தவரோடு பத்து நிமிஷம் பேசுங்கள். இறந்தவரைப் பற்றியல்ல, உங்களுக்கு எந்த இடத்தில் தொண்டை அடைத்தது என்று. "அந்த ஸ்கூல் பைய இன்னும் ஆணியிலயே மாட்டி வெச்சிருந்தாங்க பாத்தியா" என்று ஒருவர் சொன்னால், "ஆமா பாத்தேன்" என்று மற்றவர் சொன்னால் போதும். பாதிக் கனம் இறங்கிவிடும். இதனால்தான் இரண்டு பேராகப் போக வேண்டும் என்று அடம்பிடிக்கச் சொல்கிறேன்.

நோட்டு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஆய்வுக்கு. இன்னொன்று உங்களுக்கு, அதில் பெயர், ஊர், தேதி எதுவும் வேண்டாம். ஃபார்மில் இடமில்லாததெல்லாம் அதில் போகட்டும்: கோபம், எரிச்சல், "அந்த மாமியார அறையணும்போல இருந்துச்சு" என்பதெல்லாம்கூட. எழுதாவிட்டால் அது ஃபார்முக்குள் கசியும். "இறந்தவரின் கணவர் கொடுமைக்காரர்" என்று நானே ஒரு ஃபார்மில் எழுதி, அவர்கள் சொன்ன வார்த்தை அதுவல்ல என்று பிறகு அடித்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு உள்ளே போங்கள். இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது ஒரு காலம். தீட்டு என்பதை ஏற்காதவள் நான், சாவு வீட்டுக்குப் போய்வந்து கிணற்றடியில் நின்ற அம்மாவைக் கேலி செய்தவள். ஆறு மாதம் களத்தில் அலைந்த பிறகு கவனித்தேன், தலைக்கு ஊற்றிய நாட்களில் தூங்கியிருக்கிறேன். துக்கத்தை வாசலில் நிறுத்த நம் ஆட்கள் கண்டுபிடித்த கோடு அது, அதில் பின்னால் வேறு அழுக்கெல்லாம் சேர்ந்துவிட்டது. உங்களுக்குக் குளியல் இல்லாவிட்டால் வேறெதுவாவது, உடுப்பு மாற்றுவதோ, அரை மணி நேரம் நடப்பதோ. ஏதோ ஒரு கோடு வேண்டும். துக்க வீட்டுக்காரர் கண்ணில் மட்டும் அது பட்டுவிடக் கூடாது.

கேட்ட கதையை வீட்டில் சொல்லாதீர்கள். அது உங்களுடையதல்ல. "இன்னிக்கி கஷ்டமான நாள்" என்று மட்டும் சொல்லலாம். வாட்ஸப் குழுவில் சொல்லவே கூடாது.

மூன்றாவது வாரம்

முதல் வாரம் அழுவீர்கள், இரண்டாம் வாரம் களைப்பாக இருக்கும். மூன்றாவது வாரத்திலிருந்து வேறு மாதிரி. எல்லாருக்கும் இதே கணக்கு என்று சொல்ல வரவில்லை, என் கூட இருந்தவர்களில் பார்த்தது.

ராத்திரி போன் அடித்தால் யாரோ போய்விட்டார்கள் என்று வயிறு கலங்கும். தங்கை ரூம் கதவைச் சாத்தினால் தட்டிப் பார்ப்பீர்கள். மாமா வீட்டுத் தாழ்வாரத்தில் பூச்சிமருந்து டப்பா இருந்தால் கண் அங்கேயே போகும். கேட்ட கதை கனவில் வரும், ஆனால் அதில் உங்கள் வீட்டு ஆட்கள் இருப்பார்கள். அடுத்தவர் கதையைக் கேட்டே இப்படி ஆவதை, மனநல ஆலோசகர்களிடம் பார்த்து 1990இல் மெக்கான், பேர்ல்மன் என்ற இரு உளவியலாளர்கள் எழுதினார்கள். அதனால் இது உங்கள் கோழைத்தனம் அல்ல, பெயர் வைத்த விஷயம்.

ஆனால் அழுகையையும் பயத்தையும்விட நான் அஞ்சுவது மரத்துப்போவதற்குத்தான். "இன்னிக்கி என்னா, ரெண்டு மருந்து கேஸா?" என்று வேனில் சிரித்துக்கொண்டே கேட்கிற நாள் வரும். அந்தச் சிரிப்பு எங்களைக் காப்பாற்றியது என்பதை மறுக்க மாட்டேன். பிணவறையில் வேலை செய்கிறவரும் சிரிப்பார். அடுத்த வீட்டில் ஒரு தாய் அழும்போது ஒன்றுமே ஆகவில்லை, அதுபற்றிக் கவலையும் வரவில்லை என்றால்தான் நிறுத்த வேண்டிய நேரம். சரியான கணக்குப்பிள்ளை ஆகிவிட்டீர்கள் என்று மேலே இருப்பவர் பாராட்டவும் கூடும், அதை நம்பாதீர்கள்.

தூக்கம், சாப்பாடு, கோபம் இவற்றில் எதுவும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் ஆலோசகரைப் பாருங்கள். உங்கள் பையில் உள்ள அந்தத் தாள் உங்களுக்கும்தான், 14416 தகவல் தருபவருக்கு மட்டும் அல்ல. உங்களுக்கே அந்த எண்ணம் எட்டிப் பார்த்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே சொல்லுங்கள், யாரிடமாவது.

மேற்பார்வையாளர்கள் வாரத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பேச நேரம் வையுங்கள். எத்தனை ஃபார்ம் முடிந்தது என்று கேட்கும் கூட்டத்தோடு அதைச் சேர்க்காதீர்கள், சேர்த்தால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார். மூன்று வாரம் களம் என்றால் ஒரு வாரம் ஆபீஸ் வேலை. பெட்ரோலுக்கும் ஜெராக்ஸுக்கும் பட்ஜெட்டில் வரி இருப்பதுபோல ஆலோசகருக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

ஹெட்போனில் கேட்பவர்கள்

களத்துக்கே போகாத ஒருவரும் இதில் இருக்கிறார்: ஆடியோவைக் கேட்டு டைப் அடிப்பவர். நாங்கள் முகம் பார்த்து ஒரு தடவை கேட்டதை, அவர் காதுக்குள் வைத்து நான்கு தடவை கேட்கிறார். ஒரு வார்த்தை புரியவில்லை என்று அதே அழுகையைப் பின்னால் ஓட்டி ஓட்டிக் கேட்பார். எதிரே தொட்டுத் தேற்ற ஆளும் இல்லை. பெரும்பாலும் கல்லூரி முடித்த பெண்பிள்ளைகள், பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி, ராத்திரி வீட்டில் உட்கார்ந்து செய்வார்கள். அந்த ஃபைலில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். பகலில், ஆள் இருக்கும் இடத்தில் செய்யச் சொல்லுங்கள். அழுகை வரும் இடத்தில் 'அழுகிறார்' என்று எழுதிவிட்டு நகரலாம் என்று அனுமதி கொடுங்கள். ஆய்வுக் கட்டுரையில் கடைசி வரி நன்றியில்கூட இவர்கள் பெயர் வருவதில்லை. களத்தில் கேட்டவர் பெயரும் பல நேரம் வருவதில்லை, அந்தக் கசப்பும் மனச்சுமையில் சேர்த்திதான்.

எழுந்து வருவது

ஆய்வு முடியும் தேதியை அந்த ஊரில் முன்பே சொல்லி வையுங்கள். திடீரென்று காணாமல் போனால், ஏற்கெனவே ஒருவர் திடீரென்று காணாமல் போன வீடு அது. முடிவு வந்ததும் ஊர்ப் பொதுவில், யார் வீடு என்று தெரியாதபடி, சுகாதார நிலையத்தில் வைத்தாவது சொல்லுங்கள் என்று திட்டத்தாரைக் கேளுங்கள், கேட்டுக்கொண்டே இருங்கள். உங்கள் சொந்த நோட்டை என்ன செய்வதென்று நீங்களே முடிவு செய்யுங்கள். நான் முதல் இரண்டையும் எரித்துவிட்டேன், மூன்றாவதை வைத்திருக்கிறேன்.

கடைசியாக, அந்த வாசலில் என்ன சொல்லிவிட்டு வருவது? ஏழெட்டு மாதம் ஆன வீட்டில் சொல்லாமல் எழுந்து வந்தால் மரியாதையில்லை என்றாகும், "வரேன்" என்றால் சுருக்கென்று தைக்கும். நான் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, கை கூப்பி நிற்பேன். சில வீடுகளில் தலையசைப்பார்கள். சில வீடுகளில் அவர்களே, "சரி கண்ணு, வெயில் ஏறிப்போச்சி, பாத்துப் போ" என்பார்கள். அதுவரைக்கும் நில்லுங்கள். பஸ் போனால் அடுத்த பஸ் வரும்.